வால் முளைத்த கார்கள்

போன வாரம் ஊரிலிருந்து மாமா ஃபோன். "மாப்ள, அந்த ஆப் திறக்கவே மாட்டேங்குதே, என் ஃபோன் பழசாம்ல?" அந்த ஆப் எங்க டீம் செஞ்சது. புதுப் பதிப்பில் உள்ளே ஒண்ணும் பெரிசா மாறலை. பார்க்கப் பழசாத் தெரியுதுன்னு மேல்பூச்சு மட்டும் மாத்தினோம். பழைய ஃபோன்கள் அதைத் தாங்காது, அவ்வளவுதான்.

மனசு கேக்காம இந்த வித்தையை ஆரம்பிச்சு வச்சது யாருன்னு தேடினால், அமெரிக்காவின் டெட்ராய்ட்டில் போய் நிற்க வேண்டியிருக்கிறது.

1908-ல் ஹென்றி ஃபோர்டின் மாடல் டி கார் வந்தபோது ஆரம்ப விலை 850 டாலர். 1920களின் நடுவில் 300 டாலருக்கும் கீழே வந்துவிட்டது. மனுஷர் பிடிவாதக்காரர், 1914-லிருந்து 1925 வரை கறுப்பு நிறம் மட்டும்தான். டாக்டர் வாங்கினாலும் விவசாயி வாங்கினாலும் அதே டப்பா.

இதில் வியாபாரிக்கு ஒரு சிக்கல். நல்லா ஓடுற வண்டி வச்சிருக்கிறவன்கிட்ட இன்னொரு வண்டியை எப்படி விக்கிறது?

1923-ல் ஜெனரல் மோட்டார்ஸ் தலைவரான ஆல்ஃபிரட் ஸ்லோன் வழி கண்டுபிடித்தார். (இவரும் எஞ்சினியரிங் படிச்சவர்தான். நம்ம ஆளு!) அடியில் செவ்ரோலெட், உச்சியில் காடிலாக். வருமானம் ஏற ஏற ஒவ்வொரு படியா ஏறணும். கையில் காசு இல்லையா? தவணைக் கடன் கொடுக்க 1919-லேயே அவர்களிடம் தனிக் கம்பெனி இருந்தது. வாசலில் நிற்கும் வண்டியைப் பார்த்தே ஆளை எடை போடலாம் என்றானது. 1927-ல் டிசைனுக்கென்றே தனிப் பிரிவு தொடங்கி ஹார்லி ஏர்ல் கையில் கொடுத்தார்கள். வருஷா வருஷம் வண்டிக்குப் புதுச் சட்டை. பக்கத்து வீட்டுக்காரர் பார்த்த உடனே உங்களுது போன வருஷத்து வண்டின்னு தெரியணும், அதான் மேட்டர். மாடல் டி உற்பத்தி நின்றதும் அதே 1927-ல்தான்.

அப்புறம் வந்தது வால். பி-38 என்ற போர் விமானத்தின் வாலைப் பார்த்து, 1948 காடிலாக்கின் பின்புறம் சின்னதா ஒரு மேடு வைத்தார்கள். அது வளர்ந்து வளர்ந்து 1959 மாடலில் கத்தி மாதிரி நின்றது. காரை ஓட்ட அதனால் ஒரு உபயோகமும் கிடையாது. ஆனால் மோதினால் குத்தும். அப்படிக் குத்துப்பட்டவர்களைப் பற்றி ரால்ஃப் நாடர் 1965-ல் வந்த தன் புத்தகத்தில் எழுதினார். வாகனப் பாதுகாப்புச் சட்டம் 1966-ல் வந்தது.

1954-ல் புரூக்ஸ் ஸ்டீவன்ஸ் என்ற டிசைனர் இந்த வித்தையை மேடையேறி வெளிப்படையாகவே பேசினார். இருக்கிறது கெட்டுப்போவதற்கு முன்பே புதுசு மேல் ஆசை வரவைக்க வேண்டும் என்பது அவர் கட்சி. ஒளிவுமறைவு இல்லாமல் சொன்னாரே, அந்த மட்டும் பரவாயில்லை. அதே தொழிலில் இருந்த விக்டர் பாபனெக் 1971-ல் தன் சகாக்களைப் புத்தகம் போட்டே விளாசினார். வரைகிறவனுக்கும் பொறுப்பு உண்டு, முதலாளி சொன்னார் செஞ்சேன்னு கை கழுவ முடியாது என்பது அவர் வாதம்.

படிச்சிட்டு மாமாவுக்குப் பழைய பதிப்பையே அனுப்பிடலாம்னு பார்த்தேன். எங்க சர்வர் அதை ஏத்துக்காது. ஏத்துக்காதபடி அந்த நாலு வரியை எழுதினது நான்தான்.