கவட்டைக் குடலிறக்கம்: சிகிச்சை முறைகள்

அடிவயிற்றுச் சுவர் நலிந்த இடத்தின் வழியே குடலோ, வயிற்றுக்குள் இருக்கும் கொழுப்போ தொடை இடுக்கில் பிதுங்கி நிற்பது கவட்டைக் குடலிறக்கம். பேச்சில் ‘குடல் இறங்கிடுச்சு’ என்றும், ஹெர்னியா என்றும் வழங்கும். நின்றாலும் இருமினாலும் புடைக்கும். படுத்தால் பெரும்பாலும் உள்ளே போய்விடும். விரையைச் சுற்றி நீர் கோக்கும் ஓதம் வேறு நோய். கருவில் விரை வயிற்றிலிருந்து கீழே இறங்கிய பாதையே ஆண்களுக்கு இந்த நலிவைத் தருகிறது. வாழ்நாளில் ஆண்களில் 100-க்கு 27 பேருக்கும் பெண்களில் 3 பேருக்கும் வரக்கூடியது. ஓசூர் சிப்காட்டில் சுமை இறக்குபவரும், கிருஷ்ணகிரி கருங்கல் குவாரியில் வேலை செய்பவரும் பாரம் தூக்கியதையே குற்றம் சொல்வார்கள். பாரம் பெரும்பாலும் ஏற்கெனவே இருந்த நலிவை வெளிக்காட்டுகிறது. நாள்பட்ட இருமல், மலச்சிக்கல், சிறுநீர் முக்கிப் போகும் முதுமை ஆகியவையும் அதையே செய்யும்.

சுசுருத சங்கிதை ‘விருத்தி’ எனும் வீக்கங்களை ஏழாகப் பிரித்து, குடலால் வருவதை அந்திர விருத்தி என்கிறது. பாரம் தூக்குதல், தன்னைவிடப் பலசாலியோடு மல்லுக்கு நிற்றல், மரத்திலிருந்து விழுதல் ஆகியவற்றைக் காரணமாகச் சொல்கிறது. அழுத்தினால் சத்தத்தோடு மேலே போகும், கையை எடுத்தால் மறுபடி உப்பும் என்ற அதன் வர்ணனையை இன்றைய பயிற்சி மருத்துவரும் அப்படியே எழுதிக்கொள்ளலாம். விரைப்பை வரை இறங்கியதைக் கைவிடச் சொல்லும் அந்நூல், இடுக்கில் நிற்பதைப் பிறை வடிவக் கருவியைக் காய்ச்சிச் சுடச் சொல்கிறது. தழும்பு இறுகி வாயை அடைக்கும் என்ற கணக்காக இருக்கலாம். எதிர்ப்பக்கக் கட்டைவிரலில் தோலைக் கீறிச் சுடும் இன்னொரு முறைக்கு அப்படி ஒரு கணக்கும் தென்படவில்லை. சித்த மருத்துவம் இவ்வகை வீக்கங்களை அண்டவாதத்தில் அடக்கி, கழற்சிக்காய் முதலியவற்றைக் கொடுக்கிறது. துளையை மூடும் மருந்து எந்த முறையிலும் இல்லை.

நவீன அறுவை இத்தாலியின் பதுவா நகரில் தொடங்குகிறது. எதுவார்தோ பாசினி 1867-ல் ரோம் அருகே நடந்த சண்டையில் வலது இடுக்கில் துப்பாக்கிக் கத்தியால் குத்துப்பட்டு, குடல் கிழிந்து, காயத்தின் வழியே மலம் கசியப் படுத்துக் கிடந்தவர். அதே இடத்தின் உடற்கூறே பின்னாளில் அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது. 1884-ல் தொடங்கி, 1890-ல் 262 அறுவைகளின் முடிவை வெளியிட்டார். பிதுங்கிய பையைக் கட்டி வெட்டிவிட்டு, கவட்டைக் கால்வாயின் பின்சுவரைத் தசையும் தசைநாருமாகச் சேர்த்துப் பட்டுநூலால் தைப்பது அவர் முறை. அதற்கு முன் தைத்தவர்கள் வாயை மட்டுமே மூடினார்கள். பாசினி சுவரையே கட்டினார். டொரான்டோவில் 1945-ல் மருத்துவமனை தொடங்கிய ஷோல்டைஸ் அதே சுவரை நான்கு அடுக்காகத் தைத்தார். ஆனால் இழுத்துத் தைத்த தசை இழுவையிலேயே இருந்தது. பலருக்குத் தையல் விட்டுக் குடல் மறுபடி இறங்கியது.

குடலிறக்கத்தின் வகைப்பாடு பலருக்குச் சலிப்பூட்டினாலும், மருத்துவமனைப் பதிவேட்டின் மொழி அதுவே என்பதால் இங்கே தேவைப்படுகிறது. வயிற்றுச் சுவரின் கீழ் இரத்தக்குழாய்களுக்கு வெளிப்புறம், பிறவிப் பாதை வழியே வருவது மறைமுக வகை. உட்புறம், சுவரையே நெட்டித் தள்ளி வருவது நேர்முக வகை. இளைஞருக்குப் பெரும்பாலும் முதலாவது, வயது கூடும்போது இரண்டாவதும் கூடுகிறது. கில்பர்ட், நைஹஸ் என ஆளாளுக்கு ஒரு பட்டியல் போட்ட பிறகு, ஐரோப்பிய ஹெர்னியா சங்கம் 2007-ல் இடத்துக்கு ஓர் எழுத்தும் துளையின் அகலத்துக்கு ஓர் எண்ணும் போதும் என்று சுருக்கியது. அளவுகோல் அறுவை மருத்துவரின் விரல்.

தைத்த தசையின் இழுவைச் சிக்கலைத் தீர்த்தது வலை. அமெரிக்காவின் பிரான்சிஸ் அஷர் 1958-ல் பாலிஎத்திலீன் வலையைப் பயன்படுத்தினார், பின்னர் பாலிபுரோப்பிலீனுக்கு மாறினார். இர்விங் லிக்டென்ஸ்டைன் தசையை இழுக்காமல் வலையைப் பரப்பித் தைத்து, 1,000 நோயாளிகளில் ஒருவருக்கும் திரும்ப வரவில்லை என்று 1989-ல் எழுதினார். ஆனால் வலையின் விலை ஏழை நாடுகளுக்கு எட்டவில்லை. மகாராஷ்டிரத்தின் தோண்டாயிச்சா என்ற சிற்றூரில் ரவீந்திரநாத் தோங்காவ்கர் கொசுவலைத் துணியை வெட்டி, கிருமிநீக்கி, வலையாக வைத்தார். 2003-ல் அதை வெளியிட்டார். சில ரூபாய்த் துண்டு. உகாண்டாவில் சுமார் 300 ஆண்களிடம் கொசுவலையையும் கம்பெனி வலையையும் ஒப்பிட்ட ஆய்வு 2016-ல் வந்தது. ஓராண்டில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. அந்தக் கொசுவலை நம் கரூரில் தயாரானது. புனேயின் மோகன் தேசார்தா வலையே வேண்டாம், நோயாளியின் சொந்தத் தசைநார்ப் பட்டையே போதும் என்கிறார். வலையால் நாள்பட்ட வலி வரும் என்ற புகாரும் உண்டு. இருந்தும் வயது வந்தவருக்கு வலையே முறையான தேர்வு.

வயிற்றில் சிறு துளைகள் இட்டுச் செய்யும் லேப்ராஸ்கோப்பி அறுவையில் வலையை உட்புறமிருந்து வைக்கிறார்கள். தமிழ்நாட்டில் அதை வளர்த்தவர்களில் கோவை சி. பழனிவேலு முதன்மையானவர். இருபக்கமும் இறங்கியிருந்தாலும், திறந்த அறுவைக்குப் பின் திரும்ப வந்தாலும் இந்தத் துளை வழி முறையே நல்லது. வேலைக்கும் சீக்கிரம் திரும்பலாம். பொது மயக்கம் தேவை, செலவும் கூடுதல். திறந்த அறுவைக்கு முதுகில் போடும் ஊசியோ, இடத்தில் போடும் ஊசியோ போதும். குழந்தைகளுக்குப் பையைக் கட்டினாலே தீரும், வலை கூடாது. தொல்லை தராத சிறு புடைப்பைக் கண்காணித்துக் காத்திருக்கலாம் என்று 2006-ல் 720 ஆண்களிடம் நடந்த அமெரிக்க ஆய்வு காட்டியது. ஆனால் பத்தாண்டுக்குள் மூவரில் இருவர் அறுவைக்கே வந்தார்கள். பெண்களுக்குக் காத்திருப்பு உகந்ததல்ல. ஹெர்னியா பெல்ட் தாங்கிப் பிடிக்கும், குணமாக்காது. புடைப்பு உள்ளே போகாமல் கல்லாக இறுகி, வலியும் வாந்தியும் வந்தால் சில மணி நேரத்தில் குடல் அழுகலாம். அப்போது பெல்ட்டை இறுக்குவதும் எண்ணெய் தேய்ப்பதும் ஆபத்து.

சிகிச்சைக்கு ஓசூரில் அரசு மருத்துவமனையும் தனியார் மருத்துவமனைகளும் உள்ளன. கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி 2022-ல் திறக்கப்பட்டது. வசதியுள்ளோர் 40 கிலோமீட்டரில் இருக்கும் பெங்களூருக்குப் போகிறார்கள். மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ள ஆலைத் தொழிலாளர் தொழிலாளர் அரசுக் காப்பீடான இஎஸ்ஐ-யில் வருவர். சந்தாக் காலத்தில் 78 நாளுக்குச் சந்தா கட்டியிருந்தால், மருத்துவர் சான்றளித்த ஓய்வு நாட்களுக்குச் சம்பளத்தில் 70 விழுக்காடு, ஆண்டுக்கு 91 நாள் வரை கிடைக்கும்.