தேர்வு முடிவும் நம் பிள்ளைகளின் உயிரும்

நம் வீடுகளில் முதன்முதலாகப் பள்ளியிறுதியை எட்டிய தலைமுறை, தேர்வு முடிவை நாளேட்டிலேதான் தேடிற்று. தேறியவர் எண்கள் அச்சாகும். எண் காணப்படாவிடில் தோல்வி. ராசிபுரத்திலோ ஆத்தூரிலோ தேநீர்க்கடை வாயிலில் ஊரே கூடிப் படிக்கும் தாளில் தன் எண்ணைக் காணாத பிள்ளை எவ்வாறு வீடு திரும்பும்? தறியிலும் வயலிலும் கூலிக்கு உழைத்த பெற்றோரின் கடன் கண்முன் நிற்கும். 'இவர்களுக்கு எதற்குப் படிப்பு' என்னும் ஏளனமும் காதில் விழும். அந்நாளில் உயிரை மாய்த்துக்கொண்ட பிள்ளைகளைக் கோழைகள் என்று ஊர் ஏசிற்று. நாமும் சிலவேளை அவ்வாறே பேசினோம், வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறோம்.

1986-இல் மருத்துவர் லட்சுமி விஜயகுமார் சென்னையில் 'ஸ்நேகா' என்னும் தற்கொலைத் தடுப்பு அமைப்பை நிறுவினார். துயருற்றோர் சொல்வதைப் பொறுமையுடன் கேட்பதே அதன் முதற்பணி. தேர்வில் தவறியவர் ஓராண்டை இழக்க நேர்வது பெருந்துயர் என்று கண்ட அவ்வமைப்பு, உடனடி மறுதேர்வு வேண்டுமென வாதாடிற்று. 2000-க்குப் பின்வந்த சில ஆண்டுகளில் தமிழக அரசு அதனை நடைமுறைப்படுத்தியது. மார்ச்சில் தவறியவர் கோடையிலேயே மீண்டும் எழுதி, அவ்வாண்டே கல்லூரி சேரலாயினர். பிள்ளையைக் குறை கூறாமல் தேர்வு அட்டவணையை மாற்றினரே, இவ்வரலாற்றில் நாம் பெரிதும் மதிப்பது அதனையே.

2017-இல் பொதுத்தேர்வு முடிவுகளில் மாநிலத் தரவரிசை ஒழிக்கப்பட்டது. முதலிடம் பெற்றோரின் படங்களை விளம்பரமாக்கி உறைவிடத் தனியார் பள்ளிகள் வளர்ந்த நாமக்கல்லுக்கு இது சிறு செய்தியன்று.

அதே ஆண்டு செப்டம்பரில் அரியலூர் மாவட்டக் குழுமூர் அனிதாவை இழந்தோம். 1200-க்கு 1176 மதிப்பெண் பெற்ற நம் சமுதாயப் பெண். நீட் தேர்வு முறையால் மருத்துவக் கல்வி கிட்டாதவர். தவறியவர்க்கே இடர் என்று எண்ணியிருந்தோம். அம்மரணம் நம்மைத் திருத்திற்று. 2021-இல் நீட் எழுதிய ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவரை 104 ஆலோசகர் மூலம் தொலைபேசியில் அழைத்துப் பேச அரசு முற்பட்டது. 2022 அக்டோபரில் 14416 என்னும் கட்டணமில்லா மனநல உதவி எண் வந்தது.

சட்டமும் மாறியுள்ளது. தற்கொலைக்கு முயன்றவரைக் குற்றவாளியாக்கிய பழைய 309-ஆம் பிரிவுக்கு அஞ்சி, நம் குடும்பங்கள் மருத்துவமனைக்குச் செல்லவும் தயங்கின. 2018-இல் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், அத்தகையோரைக் கடும் மன அழுத்தத்தில் இருப்பவராகவே கருதி, அரசின் பராமரிப்புக்கு உரியவராக்கிற்று.

14416 எண் பள்ளிச்சுவரில் எழுதப்பட்டிருந்தாலும், விடுதியில் கைபேசியில்லாத பிள்ளை காப்பாளர் அறைத் தொலைபேசியைத்தான் நாட வேண்டும். அவர் எதிரில் அமர்ந்திருக்கையில் அது மனம் திறக்குமா? அழைப்பை இணைத்துத் தந்துவிட்டு, கதவைச் சாத்தி வெளியே காத்துநிற்கும் காப்பாளர் நம் விடுதிகளுக்கு வேண்டும்.