திருவோணத்துச் சிற்றுண்டி

ஆடித் தபசன்று சங்கரன்கோவிலில் உள்ளூர் விடுமுறை. கோமதியம்மனின் தவத்திற்கு இரங்கிச் சங்கரநாராயணர் காட்சி கொடுப்பது மாலையில்தான் என்றாலும், ஊர் விடியும் முன்பே விழித்துவிடும். சில ஆண்டுகளுக்கு முன் அப்படியொரு காலைப்பொழுதில், கோயிலுக்கு அண்மையில் உள்ள உறவினர் இல்லமொன்றில் தங்கியிருந்தோம். அடுக்களையில் சர்க்கரைப் பொங்கல் இறங்கியிருந்தது. அவ்வீட்டின் சின்னஞ்சிறு பேரன், ஒன்றரை வயது இருக்கலாம், பொங்கல் பானையின் திசையறிந்து தவழ்வதும் தளர்நடை போடுவதுமாக அழுதுகொண்டிருந்தான். சாமிக்குப் படைக்கும் முன் ஒரு பருக்கையும் எடுக்கலாகாது என்பது தந்தையைப் பெற்ற ஆச்சியின் கட்டளை. தாயைப் பெற்ற ஆச்சியோ, "இருக்கட்டும் மதினி, இவன் தின்னாத் தீட்டா? பிள்ளை பசிச்சு அழுதா சாமிக்கு மட்டும் இறங்குமா?" என்று சொல்லியபடியே கரண்டியை எடுத்துவிட்டார். இரு ஆச்சிமாரும் நம்மைப் பார்த்தனர். தமிழ் படித்தவர் என்பதால் தீர்ப்புச் சொல்லுவோம் என எண்ணினர் போலும்.

தீர்ப்புச் சொல்லும் துணிவு நமக்கு இல்லை. ஆனால் இவ்வழக்கு ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே பதிவாகியிருக்கிறது என்பதும், பதிவு செய்தவர் நமக்கு மிக அண்மையில் வாழ்ந்தவர் என்பதும் அப்போதே நினைவுக்கு வந்தன. சங்கரன்கோவிலில் விருதுநகர் செல்லும் ரயிலில் ஏறினால் ராஜபாளையம் வரும். அதைக் கடந்தால் ஸ்ரீவில்லிபுத்தூர். பெரியாழ்வாரின் ஊர். அவரை 9ஆம் நூற்றாண்டினர் என்பர் ஆய்வாளர் பலர்.

அங்கே செல்லும் முன் இன்னும் பழைய காலத்தை ஒரு பார்வை பார்த்துவிடலாம். குழந்தை உண்ணுவதைச் சங்கப் புலவர்கள் கூர்ந்து நோக்கியிருக்கிறார்கள். பாண்டியன் அறிவுடை நம்பி பாடிய புறநானூற்றின் 188ஆம் பாடலில், நெய்ச்சோற்றைக் கையால் துழாவி வாயில் இட்டும் மேனியெல்லாம் பூசியும் உண்ணும் குழந்தை வருகிறது. செல்வம் எவ்வளவு இருப்பினும் இக்காட்சி இல்லாத வாழ்வு வெறுமை என்பது அரசனின் கருத்து. இன்று குழந்தை மருத்துவர்கள், பிள்ளை தானே கையால் பிசைந்து உண்ணட்டும், இறைத்தால் இறைக்கட்டும் என்று தாய்மார்களிடம் சொல்வதைக் கேட்கும்போதெல்லாம் நமக்கு நம்பியின் நினைவு வரும். நற்றிணையின் 110ஆம் பாடலோ வேறொரு காட்சியைக் காட்டுகிறது. பொற்கலத்தில் தேன் கலந்த பாலை ஏந்தி, நுனியில் பூச் சுற்றிய சிறுகோலை மற்றொரு கையில் ஓங்கிக்கொண்டு, நரைகூடிய செவிலியர் சிறுமியைத் துரத்துகின்றனர். அவள் சிலம்பொலிக்கப் பந்தருக்குள் ஓடி ஒளிகிறாள். பாடியவர் போதனார். உண்ண மறுக்கும் பிள்ளையும் பின்னால் ஓடும் பெரியவர்களும் இன்று நேற்றுத் தோன்றியவர்கள் அல்லர்.

(இவ்விடத்தில் ஒரு சொல். அச்சிறுமி ஓடியாடும் பருவத்தினள். ஆகவே தேன்பால் பொருந்தும். ஓராண்டு நிறையாத குழந்தைக்குத் தேன் கூடவே கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒருவகை நுண்ணுயிரின் வித்துகள் முதிராத குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கித் தசைகளைச் செயலிழக்கச் செய்யும். பிறந்த குழந்தையின் நாவில் தேனோ சர்க்கரை நீரோ தொட்டுவைக்கும் 'சேனை' வழக்கம் தென்மாவட்டங்களில் முற்றிலும் மறைந்துவிடவில்லை. பழமையைப் போற்றும் நாம் இதைச் சொல்லாமல் போவது நேர்மையாகாது.)

சங்கப் பாடல்கள் இரண்டும் காட்டுவது அன்றாட உணவு. பண்டிகை நாளில் குழந்தைக்கென்றே ஆக்கப்படும் உணவை முழுமையாகக் காண வேண்டுமெனில் பெரியாழ்வார் திருமொழிக்குத்தான் வர வேண்டும். இரண்டாம் பத்தின் நான்காம் திருமொழியில் யசோதை கண்ணனை நீராட அழைக்கிறாள். வெண்ணெய் அளைந்து, புழுதி படிந்து கிடக்கிறான் பிள்ளை. எண்ணெயும் புளிப்பழமும் எடுத்து வைத்து அவள் எவ்வளவு நேரமாகக் காத்திருக்கிறாள்! நெல்லி இட்டுக் காய்ச்சிய நீர் கடாரத்தில் நிறைந்திருக்கிறது. மஞ்சள், மாலை, சாந்து, அஞ்சனம் எல்லாம் ஆயத்தம். பிள்ளைதான் வருவதாக இல்லை. அன்று அவன் பிறந்த திருவோண நாள் என்கிறாள், அதற்கும் அசையவில்லை. அதன் பின்னரே கடைசிக் கருவியை எடுக்கிறாள். பாலும் வெல்லமும் சேர்த்து அப்பம் சுட்டு வைத்திருக்கிறேன், தின்ன வேண்டுமானால் நீராட வா என்கிறாள். அப்பத்தோடு கூடிய அத்தின்பண்டங்களுக்கு ஆழ்வார் ஆளும் சொல் 'சிற்றுண்டி'.

எண்ணெய், வெந்நீர், மஞ்சள், மை, பிறகு இனிப்பு என்னும் இவ்வரிசையைத் தீபாவளிக் காலையில் எந்தத் தமிழ் வீட்டிலும் காணலாம். இத்திருமொழி இன்றும் வைணவக் கோயில்களில் திருமஞ்சனத்தின்போது ஓதப்படுகிறது. அடம் பிடிக்கும் பிள்ளையைக் குளிக்க வைக்கப் பாடிய பாட்டு, கருவறையில் அசையாது நிற்கும் பெருமாளின் நீராட்டுப் பாட்டாக நிலைத்துவிட்டது.

கண்ணன் பிறந்தது ரோகிணி அல்லவா, திருவோணம் எங்ஙனம் என்று வாசகர் கேட்கக்கூடும். ஆழ்வார் வேறோரிடத்தில் 'அத்தத்தின் பத்தாம் நாள்' என்கிறார். அத்தம் முதலாக முன்னோக்கி எண்ணினால் பத்தாவது திருவோணம்; பின்னோக்கி எண்ணினால் பத்தாவது ரோகிணி. கம்சனின் ஒற்றர்களுக்கு நாளை மறைப்பதற்காக இப்படிப் பூடகமாகச் சொன்னார் என்று நயம் உரைப்பர் உரையாசிரியர். விரல்விட்டு எண்ணிப் பார்த்தோம். கணக்குச் சரியாகவே வருகிறது.

இனி ஆச்சிமாரின் வழக்குக்கு வருவோம். அதே பத்தின் ஒன்பதாம் திருமொழி, ஆய்ச்சியர் யசோதையிடம் கொண்டுவரும் முறையீடுகளின் தொகுப்பு. அவர்களுள் ஒருத்தி பன்னிரண்டு திருவோணத்துக்கு நோன்புணவு ஆக்கியவள். செந்நெல் அரிசி, சிறுபருப்பு, வெல்லம், நறுநெய், பால் என்று அவள் சேர்த்த பொருள்களை ஆழ்வார் ஒவ்வொன்றாகச் சொல்லுகிறார். பிள்ளை நுழைந்தது, அவ்வளவையும் விழுங்கியது, இன்னும் வேண்டும் என்று நின்றது. இந்தப் பிள்ளையின் குணத்தை முன்பே அறிவேன் என்று அவள் அலுத்துக்கொள்கிறாள். நோன்பு யாருக்காக? திருமாலுக்காக. உண்டவன் யார்? அவனேதான். படைக்கும் முன் பிள்ளை தின்றால் படையல் கெட்டதா, நிறைவேறியதா? ஆழ்வார் விடை சொல்லவில்லை. முறையீட்டை மட்டும் பாடிவிட்டு நகர்ந்துவிடுகிறார். சங்கரன்கோவில் அடுக்களையில் நாம் சொன்னதும் இந்தக் கதையைத்தான். இரு ஆச்சிமாரும் தத்தம் கட்சிக்கே அதைச் சான்றாக எடுத்துக்கொண்டனர் என்பது வேறு.

அந்த ஆய்ச்சியின் பொருள் பட்டியலை மீண்டும் ஒருமுறை பார்க்க வேண்டும். அரிசியும் பாசிப்பருப்பும் சேர்ந்து குழைவது குழந்தை உணவின் அடிப்படை. அரிசிப் புரதத்தில் லைசின் குறைவு. பருப்பில் அது மிகுதி. பருப்பில் குறையும் மெத்தியோனைன் அரிசியில் உண்டு. ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்புகிறது. சிறிய வயிறு சிறிதளவே கொள்ளும். நெய் அச்சிறிதளவிலும் ஆற்றலைக் கூட்டுகிறது. வேதியியல் அறியாத காலத்தில், பல்லாயிரம் பிள்ளைகளுக்கு ஊட்டிப் பார்த்த கைகள் கண்டறிந்த சேர்க்கை இது.

இறைவனுக்கும் இதே வகை உணவுதான் போயிற்று. அம்பாசமுத்திரத்தில் உள்ள வரகுண மகாராசனின் கல்வெட்டு, திருப்போத்துடையார்க்கு நாள்தோறும் நான்கு பொழுது அமுது படைக்க 290 காசு வைத்ததைக் கூறுகிறது. அதில் வரும் பொருள்களுள் செந்நெல் அரிசி, பசுநெய், தயிர், வாழைப்பழம், சர்க்கரை ஆகியவை உண்டு. கறிவகைகளை விலக்கிவிட்டுப் பார்த்தால் பல் முளைக்கும் குழந்தையின் தட்டு இதுவே. கடவுளைக் குழந்தையாகப் பாடியவர்கள் நாவால் மட்டும் பாடவில்லை, மடைப்பள்ளியிலும் அப்படியே நடந்துகொண்டார்கள் என்று நமக்குத் தோன்றுகிறது. இது நம் கருத்து மட்டுமே; கல்வெட்டு அப்படிச் சொல்லவில்லை.

ஆனால் எல்லாப் பண்டமும் பிள்ளைக்கு ஏற்றதாக இல்லை. அதே ஒன்பதாம் திருமொழியில் இலட்டுவமும் சீடையும் கருப்பு எள்ளுருண்டையும் கலத்தில் வைத்துப் போன மற்றொருத்தி, அவற்றையும் பறிகொடுக்கிறாள். சீடைக்கு இவ்வளவு வயதா என்று வியந்து நிற்கும்போதே ஓர் ஐயமும் எழுகிறது. கோகுலாஷ்டமியன்று வாசலிலிருந்து பூசையறை வரை சின்னஞ்சிறு பாதங்களைக் கோலமாக இடுகிறோம். அப்பாதங்களுக்குரிய வயதுப் பிள்ளை சீடையைக் கடிக்க இயலுமா? உருண்டு திரண்ட கடினப் பண்டம் மூச்சுக்குழலை அடைத்துவிடும் என்பதால் நான்கைந்து வயது வரை அதனைத் தரலாகாது என்பது மருத்துவ அறிவுரை. ஆயர்பாடிப் பிள்ளை மலையைத் தூக்கியவன். அவனை அளவுகோலாகக் கொள்ள வேண்டா. யாழ்ப்பாணத்தில் முதற்பல் முளைத்ததும் பல்லுக்கொழுக்கட்டை அவித்துக் குழந்தையின் தலையில் சொரிவார்கள். தேங்காய்ச் சொட்டுகளைப் பற்களைப்போல் பதித்த கொழுக்கட்டை அது. விழா குழந்தைக்கு, கொழுக்கட்டை பெரியவர்களுக்கு. பண்டிகைச் சமையலில் இவ்விரண்டாம் மரபும் வலுவாகவே இருந்திருக்கிறது.

இன்னொன்றையும் மறக்கலாகாது. செந்நெல்லும் நெய்யும் எல்லா வீட்டிலும் இருந்தவை அல்ல. சங்கரன்கோவிலுக்குக் கிழக்கே செல்லச் செல்லக் கரிசல் மண். கம்பும் சோளமும் குதிரைவாலியும் விளைந்த நிலம். அங்கே நெல்லுச்சோறே விருந்து. இட்டிலியும் தோசையும் தீபாவளி, பொங்கல் போன்ற நாள்களுக்கு உரியவை. இடைசெவலில் பிறந்த கி. ராஜநாராயணன் போன்றோரின் கரிசல் எழுத்துகளைப் படித்தவர்களுக்கு இது புதிதன்று. இன்று ஆறுமாதக் குழந்தைக்கு முதலில் ஊட்டப்படும் எளிய உணவாகிவிட்ட இட்டிலி, இரண்டு மூன்று தலைமுறைகளுக்கு முன் ஆண்டுக்கு ஓரிரு முறை ஆவி பறந்த பண்டம். தாத்தாவின் பண்டிகை பேரனின் அன்றாடம் ஆயிற்று. இட்டிலியின் பிறப்பு ஆராய்ச்சி தனிக் கதை. 10ஆம் நூற்றாண்டுக் கன்னட நூலான வட்டாராதனையில் 'இட்டலிகெ' வருகிறது. ஆயினும் அரிசி சேர்த்தலும் நெடுநேரம் புளிக்க வைத்தலும் பழைய குறிப்புகளில் காணப்படவில்லை என்று உணவு வரலாற்றாசிரியர் கே. டி. அச்சயா எடுத்துக்காட்டினார். ஆழ்வாரின் சிற்றுண்டியில் இட்டிலியைத் தேடுவது வீண்.

அச்சொல்லின் பிற்காலப் பயணமும் சுவையானது. அது தின்பண்டமாக இருந்து, காலை உணவாக மாறி, கடைசியில் அரசு ஆவணத்துக்குள்ளும் புகுந்தது. 1982 ஜூலை 1 அன்று தொடங்கிய எம்.ஜி.ஆரின் சத்துணவுத் திட்டம் இரண்டு வயதுப் பிள்ளைகளையே பந்தியில் உட்கார வைத்தது. ஆனால் அது மதிய உணவு. காலைச் சிற்றுண்டி என்று பேசப்பட்டு, 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கப்பட்ட முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் தொடக்கப்பள்ளி மாணவர்களுக்கானது. உப்புமாவும் கிச்சடியும் பொங்கலும் அதன் பட்டியலில் இடம்பெற்றன. பள்ளி நாளுக்கு உரிய ஏற்பாடு ஆகையால் பண்டிகை விடுமுறையில் பிள்ளையின் காலை உணவு மீண்டும் வீட்டு அடுப்பையே நம்பி நிற்கிறது. வேலைக்கு விரையும் நாள்களில் பொட்டலப் பொடியைக் கரைத்து ஊட்டும் தாயைக் குறைசொல்ல நமக்கு உரிமையில்லை. ஆனால் வீடு முழுதும் சமைக்கும் பண்டிகை நாளிலும் பிள்ளைக்கு மட்டும் அதே பொடியைக் கரைப்பதைப் பார்க்கும்போது, யசோதையின் அப்பம் எங்கே போயிற்று என்று கேட்கத் தோன்றுகிறது.

ஆடித் தபசுக் காலையில் வழக்கு எப்படி முடிந்தது என்பதைச் சொல்லவில்லையே! கரண்டியைப் பிடித்திருந்த ஆச்சி பொங்கலைத் தொடவில்லை. அடுப்பின் ஓரத்தில் மூடியிருந்த சிறு கிண்ணத்தை எடுத்தார். அரிசியும் பருப்பும் பாலில் வெந்து குழைந்த நிலையில், வெல்லப்பாகு ஊற்றும் முன்பே இரண்டு கரண்டி தனியே எடுத்து வைத்திருக்கிறார். அவருடைய அன்னை காலத்திலிருந்து அப்படித்தானாம். இரண்டு வயது வரை இனிப்பும் உப்பும் மிகுந்த உணவைத் தவிர்க்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதை அவர் படித்தவர் அல்லர்; இனிப்பு பழகினால் சோறு இறங்காது என்பது அவர் சொன்ன காரணம். அதில் அரைக் கரண்டி நெய் விட்டு, மலைவாழைப்பழத்தை விரலால் மசித்துச் சேர்த்தார். வெல்லம் இடாததால் அது படையலின் பாகம் இல்லை என்று மற்ற ஆச்சியும் ஒப்புக்கொண்டார். பிள்ளை இரு கைகளையும் கிண்ணத்துக்குள் விட்டான். சுவரில் அப்பிய பருப்பைத் துடைக்க முற்பகல் ஆயிற்று.