நெடுந்தீவுக் கோட்டையைத் திருத்துறதா, காப்பாத்துறதா?

நெடுந்தீவுக்குப் போய் அந்த இடிஞ்ச கோட்டையைப் படம் எடுக்காமல் திரும்புற ஆக்கள் குறைவு. படத்துக்குக் கீழே ஒரு கேள்வியும் வரும்: "இதை ஏன் ஒருத்தரும் திருத்தாமல் விட்டவை?" காசு இல்லை என்பது பதிலின் ஒரு பாதிதான்.

மற்றப் பாதி கல். போர்த்துக்கேயரும் பிறகு ஒல்லாந்தரும் பயன்படுத்திய இந்தக் கோட்டை முருகைக்கல்லால் ஆனது. இன்றைக்கு இலங்கையில் கடலில் முருகைக்கல் அகழ்வது சட்டப்படி தடை. அந்தத் தடை சரியானதும்கூட. அலையிலிருந்து கரையைக் காக்கிறது அந்த முருகைப் பார்தானே. ஆகவே புதுக் கல்லுக்கு வழியில்லை. விழுந்து கிடக்கிற பழைய கல்தான் மிச்சம்.

"சீமெந்தால பூசி விடலாமே?" என்று கேக்கலாம். அங்கதான் ஆபத்து. முருகைக்கல் ஈரத்தை உறிஞ்சி வெளியே விடும். சுண்ணாம்புச் சாந்து அதுக்கு இடம் கொடுக்கும், சீமெந்து கொடுக்காது. உப்பு ஈரம் உள்ளுக்குள்ளேயே தங்க, கல் மாவாக உதிரும். பார்வைக்கு உறுதியாக நிற்கிற சுவர் உள்ளே செத்துக்கொண்டிருக்கும்.

பயன்பாட்டில் இருந்தால் கட்டடம் தப்பும் என்பதுக்கு உதாரணம் பக்கத்திலேயே இருக்கு. ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் நடுவில் கடலுக்குள் நிற்கிற கடற்கோட்டையை ஒல்லாந்தர் 1658இல் பிடித்தார்கள். பிறகு அது சிறையானது. இப்ப கடற்படை நடத்துற ஹோட்டல். கூரை இருக்கு, பராமரிக்க ஆள் இருக்கு. ஆனா எங்கட வரலாற்றைப் பார்க்க நாங்கள் விருந்தாளிகளாகப் போகவேணும்.

"வெள்ளைக்காரன் எங்களை அடக்கக் கட்டினதை நாங்கள் ஏன் காக்கவேணும்?" என்பதும் நியாயமான கேள்வி. அடக்கினது உண்மை. அதுக்குச் சாட்சியும் இந்தச் சுவர்தான். யாழ்ப்பாணக் கோட்டைக்குள் 1706இல் கட்டின ஒல்லாந்தர் தேவாலயம் போரில் அழிஞ்சுபோனது. போருக்குப் பிறகு நெதர்லாந்தின் உதவியோடு அந்தக் கோட்டையின் மதில்களைத் திருத்தினார்கள். தேவாலயம் இன்னும் கற்குவியல்தான். முழுசா விழுந்த பிறகு கட்டுறது பழையது ஆகாது, பழையதைப் போல ஒன்று, அவ்வளவுதான்.

அதனால நெடுந்தீவுக் கோட்டையைப் புதுசாக்கத் தேவையில்லை. நிற்கிறதை விழாமல் பார்த்தால் போதும். சுவருக்குள் இறங்கிற வேர்களைக் கவனமாக வெட்டவேணும். மழைத்தண்ணி இறங்காமல் சுவரின் தலையைச் சுண்ணாம்புச் சாந்தால் மூடவேணும். ஒவ்வொரு பக்கத்தையும் அளந்து, படம் எடுத்துப் பதியவேணும். விழுந்த கல்லை அதே இடத்தில் விடவேணும்.

சுண்ணாம்பு வேலைக்குத் தொல்பொருள் திணைக்களமும் பழகின மேசன்மாரும் வேணும். நெடுந்தீவில் வேலிக்குப் பதிலாக, சாந்தே இல்லாமல் முருகைக்கல்லை அடுக்கி மதில் கட்டுற ஆக்கள் இருக்கினம். இந்தக் கல்லின் குணம் அவைக்குத் தெரியும். திட்டம் போடுறவை முதலில் அவையிட்டக் கேக்கட்டும்.