இரவல் தந்தையர்: கூச் பிகார் சிட்மஹால்களின் வரலாறும் கதையும்

வட வங்காளத்தில் இன்றும் வழங்கும் கதை ஒன்று உண்டு. கூச் பிகார் மன்னரும் ரங்க்பூரின் முகலாய ஃபௌஜ்தாரும் சதுரங்கம் ஆடினராம். ஊர்ப்பெயர்களைத் துண்டுச் சீட்டுகளில் எழுதிப் பணயம் வைத்தனராம். வென்றவருக்கும் தோற்றவருக்குமாகச் சிதறிய ஊர்களே 'சிட்மஹால்' ஆயின என்பர். வங்க மொழியில் 'சிட்' என்பது சிதறிய துண்டு; 'மஹால்' என்பது வரி செலுத்தும் நிலப்பகுதி. சொல்லின் பொருளில் சீட்டும் இல்லை, சதுரங்கமும் இல்லை. வருவாய்க் கணக்கு மட்டுமே உள்ளது.

ஆவணங்கள் காட்டும் தோற்றமும் அதுவே. 1711–1713 காலத்தில் முகலாயருக்கும் கூச் பிகாருக்கும் உடன்படிக்கை ஏற்பட்டபோது, இரு தரப்பினர் வசமும் எதிர்த்தரப்பின் எல்லைக்குள் சில நிலங்கள் எஞ்சின. யாருக்கு வரி கட்டுவது என்பதில்தான் வேறுபாடு. சந்தைக்குச் செல்லவோ பெண் கொடுக்கவோ தடையில்லை.

1947இல் ரங்க்பூர் கிழக்குப் பாகிஸ்தானுக்குச் சென்றது. 1949இல் கூச் பிகார் இந்தியாவுடன் இணைந்தது. பழைய வரிக்கோடுகள் ஒரே தலைமுறையில் பன்னாட்டு எல்லைகளாயின. 1952இல் கடவுச்சீட்டு, விசா முறை வந்தபின் முரண் முற்றியது. சிட்மஹால்வாசி தன் நாட்டுக்குச் செல்லக் கடவுச்சீட்டு வேண்டும்; அதைப் பெறவோ, முதலில் அயல்நாட்டு மண்ணைச் சட்டவிரோதமாகக் கடக்கவேண்டும். தஹலா காக்ராபாரி என்னும் இடத்தில் வங்கதேசத்துக்குள் இந்தியா, அதற்குள் வங்கதேசம், அதற்குள் மீண்டும் இந்தியா என நிலம் அடுக்கடுக்காகக் கிடந்தது.

வாழ்க்கை இரவல் பெயர்களில் நடந்தது. இந்தியாவால் சூழப்பட்ட வங்கதேசச் சிட்மஹால்களின் பிள்ளைகள், பக்கத்து இந்தியக் கிராமத்தவர் ஒருவரைத் தந்தையெனப் பதிவு செய்து பள்ளியில் சேர்ந்தனர். மருத்துவமனையில் கர்ப்பிணிகள் வேறொருவரைக் கணவர் எனக் குறிப்பிட்டனர். உறவுச்சொல் என்பது குருதியையும் மணத்தையும் குறிப்பது என்றே மொழியியலில் கற்கிறோம். இங்கே 'தந்தை' என்பது படிவத்தின் ஒரு கட்டம். அதை நிரப்புபவர் அண்டை வீட்டார்.

1974இல் இந்திரா காந்தியும் முஜிபுர் ரகுமானும் ஒப்பமிட்ட நில எல்லை உடன்படிக்கை, நூறாவது அரசியலமைப்புத் திருத்தத்துக்குப் பின்னரே முழுமையாக நடைமுறைக்கு வந்தது. 2015 ஜூலை 31 நள்ளிரவில் 111 இந்தியச் சிட்மஹால்கள் வங்கதேசத்துடனும், 51 வங்கதேசச் சிட்மஹால்கள் இந்தியாவுடனும் சேர்ந்தன. இந்தியப் பக்கம் வந்த பதினான்காயிரத்துக்கும் மேற்பட்டோரில் ஒருவர்கூட வங்கதேசம் செல்ல விரும்பவில்லை. மறுபுறமிருந்து ஏறத்தாழ ஆயிரம் பேர் இந்தியா வரப் பெயர் கொடுத்தனர். நிலம் ஒரே இரவில் மாறியது. சான்றிதழ்களில் இருந்த இரவல் தந்தையர் மாறவில்லை. குடியுரிமை கிடைத்தபின், முன்பு பள்ளிக் கதவைத் திறந்த அதே பெயர் ஆவண முரணாகிவிட்டது.

இப்போது சதுரங்கக் கதைக்குத் திரும்புவோம். ஊரார் வாயில் அது நியாயமான கசப்பு: ஆடியவர் யாரோ, காய்கள் நாங்கள் என்பதே அதன் பொருள். அதே கதையை இதழாளரும் ஆய்வாளரும் சுவைக்காக எடுத்தாளும்போது பொருள் திரிகிறது. பழி மன்னர்களின் விளையாட்டுப் புத்தியின்மேல் விழுகிறது. நவீன அரசுகள் தப்பிக்கின்றன. மன்னர் காலத்தில் சிட்மஹால் வெறும் வரித்துண்டு. அதைச் சிறையாக்கியவை கடவுச்சீட்டும் சோதனைச்சாவடியும், 1974க்கும் 2015க்கும் இடைப்பட்ட நாற்பத்தோராண்டுத் தாமதமும்தான்.

எல்லைப்புற வாய்மொழி வழக்காறுகளை ஆய்வுக்கு எடுக்கும் நண்பர்கள், கதை உண்மையா பொய்யா என்பதோடு நிற்கவேண்டாம். அதை யார் சொல்லும்போது யார்மீது பழி விழுகிறது, யார் விடுபடுகிறார் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.