பார்க்க, வாங்க, சாப்பிட: மட்டக்களப்புக்கு வாறவர்களுக்கு ஒரு சரித்திரக் குறிப்பு

கொரிய நாடகம் பார்த்துப் பார்த்தே சோல் நகரத்துத் தெருப்பெயர்களை மனப்பாடம் செய்து வைத்திருக்கிறவர்கள் எங்கட பல்கலைக்கழகத்தில் நிறையப் பேர். கொரியாவுக்கு வேலைக்குப் போக மொழிப் பரீட்சைக்குப் படிக்கிற பெடியன்களும் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். அங்க போனால் எந்த அரண்மனையைப் பார்க்கிறது, எந்தச் சந்தையில் என்ன வாங்குறது, தெருவோரத்தில் எதைச் சாப்பிடுறது எண்டு கேட்டால் மூச்சுவிடாமல் சொல்வார்கள். அதே ஆட்களிடம் மட்டக்களப்புக்கு ஒரு சினேகிதன் வாறான், எங்க கூட்டிப்போறது எண்டு கேட்டுப் பாருங்கள். கோட்டை, வெளிச்சவீடு, கல்லடிப் பாலம், பிறகு பாசிக்குடா. முடிஞ்சுது.

சுற்றுலாத் துண்டுப்பிரசுரங்களும் இதைத்தான் சொல்லுது. அரை நாளில் ஊர் முடிஞ்சுபோகும். ஆனால் பார்க்க, வாங்க, சாப்பிட எண்ட அதே மூன்று தலைப்பையும் கொஞ்சம் கிண்டினால் ஒவ்வொன்றுக்குக் கீழும் நானூறு வருசம் கிடக்கு. அதைத் தெரியாமல் வந்துபோறவருக்கு மட்டக்களப்பு ஒரு களப்பும் கடற்கரையும்தான். இஞ்ச இருக்கிற நாங்களும் அப்படியே நினைக்கத் தொடங்கினால்தான் பிரச்சினை.

முதலில் திசை

இந்த ஊரில் வடக்கு தெற்கு கேட்டு வழி கண்டுபிடிக்க ஏலாது. எழுவான்கரை, படுவான்கரை எண்டுதான் கேட்கவேணும். ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளத்துக்கு வடக்குத் தெற்காகக் கிடக்கிற வாவிக்குக் கிழக்கே, கடல் பக்கம், சூரியன் எழுகிற கரை. மேற்கே, வயல் பக்கம், சூரியன் படுகிற கரை. பட்டினமும் கடையும் ஆசுபத்திரியும் எழுவான்கரையில். நெல்லும் மாடும் காடும் படுவான்கரையில். எங்கட ஆட்கள் வேளாண்மை எண்டு சொன்னால் நெற்செய்கைதான். மற்றப் பயிருக்கு அந்தச் சொல் இல்லை. போடியார்மார், வட்டைவிதானைமார் எல்லாம் அந்த வேளாண்மையோட வந்த பதவிகள்.

இரண்டு கரைக்கும் இடையில் பல இடங்களில் போக்குவரத்து 'பாதை'யால்தான் நடந்தது. வெளியூர்க்காரர் ரோட்டைத் தேடவேண்டாம். பாதை எண்டால் ஆட்களையும் சைக்கிளையும் வாகனத்தையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கிற மிதவை. மண்முனையில் 2014இல் ஜப்பான் உதவியோட பாலம் வந்தபிறகு அந்தப் பாதை நின்றது. குருமண்வெளியிலிருந்து மண்டூருக்குப் போற பாதையில் ஒருக்கா ஏறிப் பாருங்கள். யுத்த காலத்தில் இந்த வாவி ஒரு எல்லையாகவே இருந்தது. பட்டினத்தில் இராணுவம், படுவான்கரையில் பெரும்பாலும் புலிகள், நடுவில் சோதனைச்சாவடி. 2007 வரைக்கும் அக்கரையில் இருக்கிற அம்மம்மாவைப் பார்க்கப் போறதும் ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குப் போறது மாதிரித்தான்.

பார்க்க

கோட்டையிலிருந்து தொடங்கலாம். புளியந்தீவில், இரண்டு பக்கம் வாவியும் மற்ற இரண்டு பக்கம் அகழியுமாக நிற்குது. ஒல்லாந்தர் கோட்டை எண்டு பெயர், ஆனால் 1628இல் முதலில் கட்டினது போர்த்துக்கீசர். அவர்களுக்கு அது பத்து வருசம்தான் நிலைத்தது. 1638 மே 18 ஒல்லாந்தர் அதைப் பிடித்தார்கள், கண்டி அரசன் இரண்டாம் இராஜசிங்கனோட சேர்ந்து. ஐந்து நாள் கழித்து, மே 23, மட்டக்களப்பில் வைத்தே ஒப்பந்தம் எழுதினார்கள். பிடிபடுகிற கோட்டைகளில் அரசர் விரும்பினால் மட்டும் ஒல்லாந்தப் படை இருக்கலாம் எண்டது அரசர் பக்கத்துப் பிரதி. ஒல்லாந்தர் பிரதியில் 'அரசர் விரும்பினால்' எண்ட சொற்கள் இல்லை. அந்த ஒரு சொல் விடுபட்டதால் கரையோர இலங்கை அடுத்த நூற்றைம்பது வருசத்துக்கு யார் கையில் இருந்தது எண்டு உங்களுக்குத் தெரியும். இஞ்சியைக் குடுத்து மிளகாயை வாங்கின மாதிரி எண்டு சிங்களத்தில் ஒரு பழமொழி இருக்கு. இந்தக் கொடுக்கல் வாங்கலுக்குத்தான் அதைச் சொல்வார்கள்.

1795இல் கோட்டை ஆங்கிலேயரிடம் போனது. அதுக்குப் பிறகு நிருவாகக் கட்டடம். அண்மைக்காலம் வரைக்கும் கச்சேரி அதுக்குள்ளதான். காணி உறுதிக்கும் நிவாரணத்துக்கும் காணாமல்போன மகனுக்கு மரணச் சான்றிதழ் எடுக்கவும் எங்கட ஆட்கள் இந்த வாசலால்தான் போய் வந்தார்கள். பீரங்கியோட நின்று படம் எடுக்கிறவர்கள் அந்த மரப்படிகளையும் ஒருக்கா பாருங்கள். தேய்ந்திருக்கிறது போர்த்துக்கீசச் சப்பாத்தால் இல்லை.

கோட்டையிலிருந்து நடந்து போகிற தூரத்தில் காந்தி பூங்கா. பக்கத்தில் நிற்கிற சிலை வில்லியம் ஓல்ட், 1814இல் வந்திறங்கின மெதடிஸ்த மிஷனரி. அவர் தொடங்கின பள்ளிக்கூடம்தான் இண்டைக்கு மெதடிஸ்த மத்திய கல்லூரி. அடுத்த வருசமே, 1815இல், இஞ்சயே காலமாகிவிட்டார். ஒரு வருசம்கூட முழுசாக வாழாத ஊரில் இருநூறு வருசமாக நிற்கிற பள்ளிக்கூடம்.

பிறகு கல்லடிப் பாலம். பழைய இரும்புப் பாலத்துக்கு ஆளுநர் வில்லியம் மானிங்கின் மனைவியின் பெயர், லேடி மானிங் பாலம். பக்கத்தில் நிற்கிற புதுப் பாலம் 2013இல் திறந்தது. பாடும் மீன் கதை இந்த இடத்தோடதான். 1848இல் இஞ்ச வந்த எமர்சன் தென்னென்ட் நிலா இரவில் தோணியில் போய்த் தண்ணிக்குள்ளிருந்து வந்த ஓசையைக் கேட்டு, 1859இல் வெளியிட்ட தன் இலங்கை நூலில் எழுதினார். மீன்பிடிக்கிறவர்கள் அதை ஊரி எழுப்புகிற ஓசை எண்டு அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். 1950களில் புனித மிக்கேல் கல்லூரியோட தொடர்புடைய இயேசுசபைப் பாதிரியார் லாங் ஒலிவாங்கியைத் தண்ணிக்குள் இறக்கிப் பதிவுசெய்தார், இலங்கை வானொலியில் ஒலிபரப்பானது. மீனா ஊரியா எண்ட வாதம் இன்னும் முடியல்ல. கேட்க விரும்பினால் சித்திரைக்கும் புரட்டாதிக்கும் இடையில், பறுவத்தை ஒட்டின இரவில், காற்றில்லாத நேரம் தோணியில் போய்த் துடுப்பைத் தண்ணிக்குள் விட்டு மற்ற முனையில் காதை வையுங்கள். பாலத்து மேல் நின்றால் மோட்டர்சைக்கிள்தான் பாடும்.

பாலத்தைத் தாண்டினால் கல்லடி உப்போடை. விபுலாநந்தர் 1929இல் நிறுவின சிவானந்த வித்தியாலயமும் அவருடைய சமாதியும் அங்கதான். காரைதீவில் பிறந்து, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்ப் பேராசிரியராக இருந்து, பழந்தமிழ் யாழைக் கணக்கும் இசையுமாக ஆராய்ந்த மனிதன். யாழ் நூல் 1947 ஜூனில் அரங்கேறியது. அடுத்த மாதமே அவர் இல்லை.

துண்டுப்பிரசுரத்தில் இல்லாத இடங்கள்

இதை எழுதாமல் விட்டால் மேலே எழுதினதும் பொய்.

பட்டினத்திலிருந்து தெற்கே சில கிலோமீற்றரில் காத்தான்குடி. நடுவீதியில் பேரீச்ச மரங்கள் நிற்கிற ஊர், படம் எடுக்க எல்லாரும் இறங்குவார்கள். 1990 ஓகஸ்ட் 3 இரவு மீரா ஜும்ஆப் பள்ளிவாசலிலும் ஹுஸைனிய்யாப் பள்ளிவாசலிலும் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கு மேற்பட்டவர்களை விடுதலைப்புலிகள் சுட்டுக் கொன்றார்கள். சின்னப் பிள்ளைகளும் அதில் அடக்கம். மீரா பள்ளிச் சுவரில் துளைகளை அப்படியே விட்டு வைத்திருக்கிறார்கள்.

வடக்கே எங்கட வந்தாறுமூலை வளாகம். அதே வருசம் செப்டெம்பர் 5, அகதிகளாக அங்க தஞ்சம் புகுந்தவர்களிலிருந்து 158 பேரை இராணுவம் கொண்டுபோனது. ஒருவரும் திரும்பி வரல்ல. நாலு நாள் கழித்துச் சத்துருக்கொண்டானில் 180க்கும் மேற்பட்டவர்கள், பெண்களும் குழந்தைகளுமாக. ஓகஸ்ட் 15, வாழைச்சேனையிலிருந்து பட்டினத்துக்கு வந்துகொண்டிருந்த அமெரிக்கப் பாதிரியார் யூஜின் ஹீபேர்ட் காணாமல்போனார். மிக்கேல் கல்லூரிப் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து பழக்கினவர். எல்லாம் ஒரு நாற்பது நாளுக்குள்.

படுவான்கரையில் கொக்கட்டிச்சோலை. தான்தோன்றீஸ்வரர் கோயிலில் கல் நந்தி புல் தின்ற கதையைக் கேட்டுவிட்டு வாறவர்கள், 1987லும் 1991லும் அதே சுற்றாடலில் நடந்த படுகொலைகளுக்கு எழுப்பின நினைவுத்தூபியையும் கேட்டுப் பார்க்கலாம். கடல் பக்கம் வந்தால் 2004 சுனாமி அடித்த நாவலடி, டச்பார், கோபுரம் சரிந்த கல்லடித் திருச்செந்தூர் முருகன் கோயில். பட்டினத்துக்குள் 2019 ஈஸ்டர் ஞாயிறு குண்டு வெடித்த சீயோன் தேவாலயம்.

இவை சுற்றுலாத் தலங்கள் இல்லை. செல்ஃபி எடுக்கவும் வரவேண்டாம். ஆனால் தமிழன் காத்தான்குடிப் பள்ளிச் சுவரையும், முஸ்லிம் சத்துருக்கொண்டான் தூபியையும் ஒருக்காவாவது பார்க்காமல் இந்த மாவட்டத்துச் சரித்திரத்தை ஒருவரும் முழுசாகச் சொல்ல ஏலாது. எங்கட பள்ளிக்கூடப் பயணங்கள் அநுராதபுரம், சீகிரியா எண்டு போகும். பத்து நிமிச பஸ் தூரத்தில் இருக்கிற பக்கத்து ஊருக்குப் போகாது.

வாங்க

உடுப்பு வாங்க வேணுமெண்டால் காத்தான்குடி. இதில் ஆலோசனைக்கு இடமில்லை. பெருநாளுக்கு முதல் மட்டுமில்லை, தைப்பொங்கலுக்கும் தீபாவளிக்கும் எங்கட வீடுகளிலிருந்து அங்கதான் போவார்கள். விலை கேட்டால், "தங்கச்சிக்குக் குறைச்சுத் தாறன், கொண்டுபோங்க" எண்டு நானாமார் சொல்ற விலையிலிருந்துதான் பேச்சு தொடங்கும். அங்க இருக்கிற பாரம்பரிய நூதனசாலைக்கும் போங்கள். கைத்தறிச் சாரனும் சேலையும் வேணுமெண்டால் கல்முனைக்குப் பக்கத்தில் மருதமுனை.

2019க்குப் பிறகு முஸ்லிம் கடைகளுக்குப் போகவேண்டாம் எண்ட பேச்சு நாடு முழுக்கக் கிளம்பினது. எங்கட பக்கமும் பகிர்ந்தவர்கள் இருந்தார்கள். அவர்களுக்கு ஒரு பழைய கதை. திமிலரோட சண்டை பிடித்த முக்குவருக்குப் பட்டாணியர் துணை வந்தார்கள், வெற்றிக்குப் பிறகு இஞ்சயே பெண் எடுத்துக் குடியிருந்தார்கள் எண்டு மட்டக்களப்பு மான்மியக் கதை சொல்லும். சத்துருக்கொண்டான், வந்தாறுமூலை, சந்திவெளி எல்லாம் அந்தச் சண்டையில் பிறந்த பெயர்கள் எண்டும் சொல்வார்கள். கதை எவ்வளவு உண்மை எண்டு அளக்க ஏலாது. ஆனால் தாய்வழியாக வாற 'குடி' முறை இரண்டு சமூகத்துக்கும் பொது. வீடு பெண்பிள்ளைக்குச் சீதனமாகப் போறதும், மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வாறதும் பொது. கொள்ளை விலை சொல்ற கடைக்குப் போகாமல் விடுங்கள். பெயரைப் பார்த்துப் போகாமல் விட்டால், சொந்தக் குடியையே வெட்டின கணக்கு.

சாப்பிட

காலமைச் சாப்பாடு குசினியில் தயாராகும், மேசையில் பாண் இருக்கும், கதிரையிலோ வாங்கிலோ இருந்து சாப்பிடுவோம். இந்த வசனத்தில் குசினி, மேசை, பாண், கதிரை, வாங்கு எல்லாம் போர்த்துக்கீசம். கோட்டையைப் பத்து வருசம் வைத்திருந்தவர்கள் எங்கட வாய்க்குள் நானூறு வருசமாக இருக்கிறார்கள். அந்த மொழியை வீட்டில் பேசுகிற பறங்கியர் குடும்பங்கள் இன்னும் பட்டினத்தில் இருக்கு. தச்சுவேலைக்கும் இரும்புவேலைக்கும் பெயர்போன சமூகம். டச்பாரில் சுனாமி எடுத்தது அவர்களில் பலரை. அவர்கட கல்யாண வீட்டில் காப்பிரிஞ்ஞா ஆட்டம் பார்க்கக் கிடைத்தால் விடாதீர்கள்.

மத்தியானம் சோறும் வாவி மீனும். மணலை, செல்வன், திரளி, இறால், நண்டு: காலமை பிடித்தது மத்தியானம் சட்டிக்குள் இருக்கும். முஸ்லிம் வீடுகளில் கறியை ஆணம் எண்பார்கள். புளியாணம் கிடைத்தால் இன்னும் ஒரு கரண்டி கேளுங்கள், வெட்கப்படத் தேவையில்லை. பின்னேரம் கல்லடிக் கடற்கரையில் இறால் வடை, இரவுக்குக் கொத்துரொட்டி. கொத்து பிறந்தது எங்கட ஊரில்தான் எண்டு அடித்துச் சொல்வோம், யாழ்ப்பாணத்தார் ஒத்துக்கொள்ளத் தேவையில்லை.

கடைசியாகத் தயிர். மண்சட்டியில், மேல் ஆடை கட்டி, சட்டியைக் கவிழ்த்தாலும் விழாத தயிர். பாணியோ சீனியோ போட்டுச் சாப்பிடுங்கள். ஆனால் அந்தப் பால் எங்கிருந்து வருது எண்டும் கேளுங்கள். படுவான்கரைப் பட்டிக்காரர் வேளாண்மைக் காலத்தில் மாடுகளை வயலில் விட ஏலாது. மேற்கே மயிலத்தமடு, மாதவணை மேய்ச்சல் தரைக்குச் சாய்த்துக்கொண்டு போவார்கள். அந்த நிலத்தில் வெளியாட்கள் பயிர்செய்யத் தொடங்கி, மாடுகள் வெட்டுப்பட்டும் சுடுபட்டும் சாகத் தொடங்கின பிறகு, 2023 செப்டெம்பரில் பண்ணையாளர்கள் சித்தாண்டியில் தொடர் போராட்டத்துக்கு இருந்தார்கள். சட்டித் தயிரின் விலையில் இதுவும் சேர்ந்திருக்கு.

எப்ப வாறது?

கார்த்திகையிலிருந்து தை வரைக்கும் மழை. வெள்ளம் கூடினால் முகத்துவாரத்தை வெட்டி வாவியைக் கடலுக்கு விடுவார்கள். வைகாசியில் வந்தால் ஊர் ஊராகக் கண்ணகி அம்மன் சடங்கும் குளிர்த்தியும். ஆடி அமாவாசைக்கு அமிர்தகழி மாமாங்கத்தில் தீர்த்தம், இரவிரவாகச் சனம். கூத்து நடக்குதா எண்டு கேட்டுப் பாருங்கள். வடமோடியும் தென்மோடியும் மேடையில் பார்க்கிறது வேறு, களரியைச் சுற்றி மணலில் இருந்து விடியுமட்டும் பார்க்கிறது வேறு. கொழும்பிலிருந்து வாறவர்களுக்கு உதயதேவி இருக்கு. பகல் ரயில் நல்லது, வயலையும் குளத்தையும் பார்த்துக்கொண்டு வரலாம்.

வழிகாட்டி வேணுமெண்டால் எங்கட வயதுப் பிள்ளைகளைக் கேளுங்கள். அதுக்கு முதல் நாங்கள் எங்கட ஊரைத் தெரிந்து வைத்திருக்கவேணும். வடக்கே சத்துருக்கொண்டானும் தெற்கே காத்தான்குடியும் ஒரே பஸ் ரோட்டில்தான் இருக்கு, ஒரு காலமைக்குள் இரண்டையும் போய்ப் பார்த்துவிட்டு வகுப்புக்கு வரலாம்.