மாத்திரைக்கு முன்னால் வந்த பேச்சு

1986-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த மாணவி நிர்மலாவும், அவருடைய பேராசிரியர் டாக்டர் சுனிதி சாலமனும் ஆறு பெண்களின் ரத்தத்தில் எச்.ஐ.வி. கிருமி இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். இந்தியாவில் அதுதான் முதல் தடவை. ரத்தத்தைச் சோதிக்க வழி கிடைத்துவிட்டது. முடிவை அந்த மனுஷியிடம் எப்படிச் சொல்வது என்பதற்குத்தான் வழி இல்லை!

மருந்தும் இல்லை. 1996-ல் வெளிநாடுகளில் கூட்டு மருந்து வந்தபோதும் அதன் விலை இங்கே எட்டாத உயரத்தில் இருந்தது. அரசு இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியது 2004 ஏப்ரல் 1 அன்றுதான். அதுவரை டாக்டர் கையில் இருந்த பெரிய சிகிச்சை, உட்கார வைத்துப் பேசுவது. 1993-ல் சுனிதி சாலமன் ஆரம்பித்த ஒய்.ஆர்.ஜி. கேர் அதைத்தான் செய்தது. சோதனைக்கு முன்னால் விளக்கிச் சம்மதம் வாங்குவது, முடிவைத் தனி அறையில் சொல்வது, வீட்டில் யாரிடம் சொல்லலாம் என்று சேர்ந்து யோசிப்பது. பாதிக்கப்பட்டவர்களுக்குள் கல்யாணப் பொருத்தம்கூடப் பார்த்தார் அந்த அம்மா. சாகப் போகிறவர் என்று ஊர் ஒதுக்கியவருக்கு வரன் பார்ப்பதைவிடப் பெரிய ஆறுதல் என்ன இருக்கிறது?

1998-ல் கௌசல்யாவும் சில பெண்களும் சென்னையில் பாசிட்டிவ் பெண்கள் அமைப்பைத் தொடங்கினார்கள். புருஷனிடமிருந்து நோய் வந்து, பழி மட்டும் தன் தலையில் விழுந்த பெண்ணுக்கு, அதே அடி பட்ட இன்னொருத்தி சொல்வதுதான் காதில் ஏறும்.

விழுப்புரம், திண்டிவனம் பக்கம் கதை கொஞ்சம் வேறு. சென்னை-திருச்சி நெடுஞ்சாலையில் லாரிகள் ஓயாத ஊர்கள் இவை. திண்டிவனத்தில்தான் புதுச்சேரிக்கும் திருவண்ணாமலைக்கும் சாலை பிரிகிறது. அன்று விழுப்புரம் மாவட்டத்தில் இருந்த கூவாகத்தில் (2019 முதல் கள்ளக்குறிச்சி மாவட்டம்) சித்திரைத் திருவிழாவுக்குத் திருநங்கைகள் கூடும்போது எய்ட்ஸ் விழிப்புணர்வும் நடக்கும். ஆனால் விழிப்புணர்வு வேறு, மன ஆறுதல் வேறு. நோட்டீஸ் கையில் கொடுத்தால் பயம் போகாது. நோய் வந்தவருக்கு 1993 முதல் தாம்பரம் சானடோரியம் கதவு திறந்திருந்தது. திண்டிவனத்திலிருந்து கிட்டத்தட்ட 100 கிலோமீட்டர்! தூரம் கஷ்டம்தான், ஆனாலும் தெரிந்த முகம் எதிர்ப்படாது என்பதே சிலருக்கு நிம்மதி.

பிறகு அரசு ஆஸ்பத்திரிகளில் 'நம்பிக்கை மையம்' வந்தது. அந்தப் பெயரில் நோயின் பெயர் இல்லை, நல்ல யோசனை. ஆனால் 2004-க்குப் பின் ஆலோசகரின் வேலையும் மெல்ல மாறியது. மாத்திரையை ஒரு வேளைகூட விடக்கூடாது என்பதால் முதல் கேள்வி, "மிச்சம் எத்தனை மாத்திரை?" தூக்கம் வருகிறதா, வீட்டில் பேசுகிறார்களா என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான், வெளியே வரிசை நீளாமல் இருந்தால். 2017-ல் நிறைவேறி 2018 செப்டம்பரில் அமலுக்கு வந்த எச்.ஐ.வி. சட்டம், சம்மதமில்லாமல் சோதிக்கக் கூடாது, சோதனைக்கு முன்னும் பின்னும் ஆலோசனை தர வேண்டும் என்கிறது. அந்த ஆலோசனை எத்தனை நிமிஷம் நீடிக்கும் என்பது, மையத்துக்கு எத்தனை ஆலோசகர் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது.